எத்தனை குதிரைத்திறன் வேண்டும்?

கிணற்றுக்கு மோட்டார் வாங்கப் புறப்பட்ட விவசாயியிடம், "அஞ்சு எச்.பி. வாங்கிடுங்க அண்ணே, என் கிணத்துல அதுதான் ஓடுது" என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். எச்.பி. என்பது குதிரைத்திறன். அவர் சொன்ன யோசனை சரிதானா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கிணற்றின் நீர்மட்டம் 18 மீட்டர் ஆழத்தில் உள்ளது. குழாயின் உராய்வு இழப்புக்கு 2 மீட்டர் சேர்த்தால் மொத்த ஏற்றம் 20 மீட்டர். விநாடிக்கு 5 லிட்டர் நீர் வேண்டும். 5 லிட்டர் நீரின் நிறை 5 கிலோகிராம். அதை 20 மீட்டர் உயர்த்தச் செய்யும் வேலை 5 × 9.8 × 20 = 980 ஜூல். இது ஒரு விநாடியில் நடைபெறுவதால் தேவையான திறன் 980 வாட்.

1 குதிரைத்திறன் என்பது 746 வாட். அப்படியானால் 1½ குதிரைத்திறன் போதும் அல்லவா? பொறுங்கள்! பம்பு தான் பெறும் ஆற்றல் முழுவதையும் நீருக்குக் கொடுப்பதில்லை. பாதியைத்தான் கொடுக்கிறது எனக் கொள்வோம். அப்போது பம்பின் அச்சுக்கு 1960 வாட், அதாவது சுமார் 2.6 குதிரைத்திறன் தேவை. எனவே 3 குதிரைத்திறன் மோட்டார் பொருந்தும்.

2 குதிரைத்திறன் மோட்டாரை மாட்டினால்? அது உடனே நின்றுவிடாது. அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு ஓடும். மின்னோட்டம் இருமடங்கானால் கம்பிச்சுருளில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும். நாளடைவில் சுருள் கருகிவிடும். அதை மீண்டும் சுற்றி வாங்கும்வரை பயிர் வாடும்.

5 குதிரைத்திறன் மோட்டார் எரியாது. ஆனால் விலை அதிகம். அது எப்போதும் 5 குதிரைத்திறனைக் கொடுக்கும் என்று எண்ணாதீர்கள். சுமை கேட்பதைத்தான் மோட்டார் கொடுக்கும். பாதிச் சுமையில் ஓடும்போது அதன் திறன்காரணி குறைவதால், கம்பிகளில் வீணாக அதிக மின்னோட்டம் பாயும்.

இன்னொரு விந்தை! மழையில் கிணறு நிரம்பினால் ஏற்றம் குறையும். மோட்டாருக்கு வேலை குறையும் என்றுதானே நினைப்பீர்கள்? மையவிலக்குப் பம்புகளில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கும். ஏற்றம் குறைந்ததும் பம்பு அதிக நீரை இறைக்கும். மோட்டாரின் சுமை கூடும். கோடையில் நன்றாக ஓடிய மோட்டார் மழைக்காலத்தில் சூடேறுவதும் உண்டு. வெளியேற்றும் குழாயின் வால்வைச் சிறிது மூடினால் சுமை குறையும்.

ஆகவே பம்பும் மோட்டாரும் வாங்கும்போது இரு பருவ நீர்மட்டங்களையும் சொல்ல வேண்டும். பக்கத்துக் கிணற்றின் ஆழம் நம் கிணற்றுக்கு உதவாது!

விநாடிக்கு 1 லிட்டர் நீரை 10 மீட்டர் உயரத் தொட்டிக்கு ஏற்ற எத்தனை குதிரைத்திறன் வேண்டும்? பம்பு 40 சதவீத ஆற்றலை நீருக்குக் கொடுப்பதாகக் கொண்டு, நீங்களே கணக்கிடுங்கள்.