ஆட்டப்பொறியைத் தேர்ந்துகொள்ளுதல்

ஓய்வு நேரத்தில் கணினி விளையாட்டு இயற்ற விரும்பும் மாணவர், "எந்தக் கேம் எஞ்சின் நன்று?" என வினவுகின்றனர். படம், ஒலி, அசைவு யாவற்றையும் இயக்கும் அடிப்படை மென்பொருளாதலின், அதனை ஆட்டப்பொறி என்போம். ஆடுபுலி ஆட்டத்தையே கொள்வோம். 3 புலிகள், 15 ஆடுகள், 23 புள்ளிகள். இதற்கு அன்ரியல் போன்ற பெரும்பொறியை நாடுவது கடுகு தாளிக்க அண்டா ஏற்றுவதை ஒக்கும்.

களம் நம் ஊராயின் கொள்ளிடம், ஸ்ரீரங்கம் என்னும் பெயர்கள் திரையில் வந்தே தீரும். ஆகலின் அவ்விரு சொற்களையே முதற்கண் இட்டுப் பார்த்தல் வேண்டும். தமிழ் எழுத்தைக் கோக்கவறியாத பொறியில், 'கொ'வின் கொம்பும் காலும் ககரத்தின் இருபுறமும் நில்லாது பின்னே ஒதுங்கும். 'ஸ்ரீ' இரண்டாகப் பிரியும். கோடோ பொறியின் மூன்றாம் பதிப்பில் இக்குறை இருந்தது. 2023 மார்ச்சில் வெளிவந்த நான்காம் பதிப்பு அதனை நீக்கிற்று.

உரிமையையும் நோக்குக. 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம், குறித்த வருவாயும் நிறுவல் எண்ணிக்கையும் கடந்த ஆட்டங்களுக்கு நிறுவல்தோறும் கட்டணம் என அறிவித்தது. எதிர்ப்பு மிகவே, 2024 செப்டம்பரில் கைவிட்டது. சிறியோரை அது தொடாதாயினும், விதி இடையில் மாறலாம் என்னும் ஐயம் நின்றது. கோடோவோ 2014 முதல் எம்ஐடி உரிமத்தில் மூலநிரலோடு இலவசமாய்க் கிடைக்கின்றது. நிறுவும் தொல்லையுமின்றிப் பழைய மடிக்கணினியிலும் பெரும்பாலும் இயங்கும்.

முப்பரிமாணப் பெருங்காட்சி விழைவோர்க்கு அன்ரியலே தக்கது. ஏனையோர் இன்று மாலையே ஆடுபுலிக் கட்டத்தை வரைந்து, அதன்மேல் 'கொள்ளிடம்' என எழுதிப் பார்க்க.