என்ஜினை எப்போது இறக்குவது?

நம் ராயபுரம் வியாபாரிகள் சிலரிடம் பழைய லேலண்டோ டாடாவோ சொந்தமாக ஓடுகிறது. புகை சற்றுக் கூடினால் போதும், ‘என்ஜினை இறக்கிவிடலாம் முதலாளி’ என்ற பேச்சு வந்துவிடும். செலவு பெரிது. ஆகவே முதலில் நாமே சிலவற்றைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கறுப்புப் புகை என்றால் பெரும்பாலும் ஏர் ஃபில்டர் அடைப்பு, நாசில் அல்லது பம்ப் கோளாறு. இதற்கு என்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. வெள்ளைப் புகை காலைக் குளிரில் வந்து நின்றுவிட்டால் கவலையில்லை. நிற்காமல் ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். நீலப் புகைதான் ஆயில் எரிவது. டர்போ வண்டியில் டர்போ சீல் போனாலும் நீலமாகவே வரும். இதைக் கவனிக்காமல் லைனர், பிஸ்டன் மாற்றியும் புகை நிற்காத வண்டிகளைப் பார்த்திருக்கிறோம்.

புகையைவிட நாம் நம்புவது டிரைவரின் நோட்டை. ஒவ்வொரு நடைக்கும் ஊற்றிய ஆயில், போட்ட டீசல் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். வெளியே ஒழுக்கு இல்லாமலே ஆயில் செலவு மாதாமாதம் கூடி, மைலேஜ் குறைந்து, பிரீத்தர் குழாயிலும் புகை அழுத்தமாகத் தள்ளினால் ரிங், லைனர் தேய்ந்திருக்கும். அப்போதும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து, அளவை எழுதி வாங்கிய பிறகே சம்மதிக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. சூடான என்ஜினில் ஆயில் பிரஷர் இறங்கி, அடியில் ‘டக் டக்’ என்று சத்தமும் கேட்டால் வண்டியை உடனே நிறுத்திவிட வேண்டும். அநேகமாகப் பேரிங் போகிறது. தூத்துக்குடித் துறைமுகம் 300 கிலோமீட்டருக்கு மேல். அந்த நிலையில் சரக்கேற்றி அனுப்பினால் கிராங்கும் கெடும், கப்பலும் தவறும்.

8 ஆண்டு கடந்த லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு. என்ஜின் வேலையை அந்தச் சமயத்தோடு சேர்த்துக்கொண்டால் வண்டி நிற்கும் நாள் குறையும்.