பெயரும் எழுத்தும்

வளவன் என்பது சோழ மன்னரைக் குறிக்கும் பெயர். வலவன் என்பது தேர்ப்பாகனைக் குறிக்கும் சொல். உரோம எழுத்தில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பெயரின் பொருளைக் காப்பது தமிழெழுத்தே.

எண்சோதிடம் கருதியும் புதுமை வேண்டியும் பிள்ளைகளின் பெயரில் மிகையான உரோம எழுத்துக்களைச் சேர்க்கும் வழக்கத்தை நம்மவரிடையே காண்கின்றோம். யேர்மனியில் வாழும் நாம் ஒன்றை மறந்துவிடுகின்றோம். இந்நாட்டவர் எழுத்துக்களைத் தம் மொழிமரபுப்படியே வாசிப்பர். ஆங்கிலத்தில் ஜகரத்துக்குரிய எழுத்து இங்கே யகரமாக ஒலிக்கும்; ஜெயந்தி ‘யெயந்தி’ ஆவாள். ஆங்கில முறையில் ஈகாரத்துக்காக இரட்டித்த எழுத்து இங்கே ஏகாரமாகும். நீலா ‘நேலா’ ஆவாள். பிள்ளையோ நாள்தோறும் வகுப்பில் தன் பெயரைத் திருத்திக்கொண்டேயிருக்கும்.

பதிவாகிய பெயரை மாற்றுவதற்கு இந்நாட்டுச் சட்டம் தக்க காரணம் கேட்கும். ஆதலால், பெற்றோரே, பெயரை முதலில் தமிழில் எழுதிப் பொருளை உறுதிசெய்யுங்கள். அடுத்து, உரோம எழுத்தில் எழுதியதை யேர்மனியர் ஒருவரை வாசிக்கச் செய்து கேளுங்கள். அதன் பின்னரே பதிவு செய்யுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் பெயரைத் தமிழில் பிழையின்றி எழுதி, அதன் பொருளையும் அருகில் எழுதுங்கள். பொருள் தெரியாவிடின் இன்றே பெற்றோரிடம் கேட்டறியுங்கள்.