எந்த சிலிண்டர் என்று தெரியும் முன்னே எதையும் வாங்காதீர்கள்

பழைய பெட்ரோல் காரில் மிஸ்ஸிங் தொடங்கியதும் நம்மூர் ஒர்க்‌ஷாப்புகளில் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முதலில் பிளக்கை மாற்றுவார்கள். அடங்கவில்லை என்றால் பிளக் வயர், பிறகு காயில், அதற்கும் பிறகு கார்புரேட்டர் சர்வீஸ். நடுவே ஐட்லிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகி வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். கார் ஆஃப் ஆகாமல் நிற்கும்; உரிமையாளரும் சரியாகிவிட்டது என்று ஓட்டிக்கொண்டு போவார். இந்த வரிசை மேல் எனக்குள்ள வருத்தம் வீண் செலவோடு முடியவில்லை. எந்தக் கேள்வியும் கேட்காமல் செய்கிற வேலை இது. மிஸ்ஸிங்குக்குக் கைவைக்கும் முன் இரண்டு விடைகள் தெரிந்தாக வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்கவில்லையா, எல்லாமே சேர்ந்து தடுமாறுகின்றனவா? நின்றபடி ஓடும்போது வருகிறதா, இழுக்கும்போது வருகிறதா? இவை தெரியும்வரை ஒரு பாகமும் வாங்கக் கூடாது, ஐட்லிங்கையும் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற கார். 796 சிசி, மூன்று சிலிண்டர். ஐட்லிங் நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொண்டால், நான்கு ஸ்ட்ரோக் கணக்கில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 450 முறை அடிக்கும். கிராங்க் 240 டிகிரி திரும்பும்போதெல்லாம் ஒரு அடி விழ வேண்டும். ஒரு சிலிண்டர் செத்துவிட்டால் அந்த இடத்தில் 480 டிகிரிக்கு உந்தலே கிடையாது. மூன்றில் ஒரு பங்கு சக்தியும் போய்விடுகிறது. நான்கு சிலிண்டர் காரைவிட இதில் நடுக்கம் கடுமையாகத் தெரிவது இதனால்தான். வேகத்தைக் கூட்டினால் ஃப்ளைவீல் தன் சுழற்சியின் பலத்திலேயே அந்த இடைவெளியைக் கடந்துவிடும். நடுக்கம் குறையும், கோளாறு அப்படியே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி இன்ஜின் ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். காட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ள காரில் அது அங்கே போய் எரிந்து கன்வர்ட்டரையே உருக்கிவிடலாம். ஐட்லிங்கைக் கூட்டிக் கொடுப்பதை அதனால்தான் தற்காலிக உதவி என்றுகூட ஏற்க முடியவில்லை.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்கப் பணம் தேவையில்லை. பிளக் வயரை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகள் எல்லோரும் அறிந்த முறை. நல்ல சிலிண்டரின் வயரை எடுத்தால் இன்ஜின் மேலும் தள்ளாடும். செத்த சிலிண்டரின் வயரை எடுத்தால் எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் ஓடுகிற இன்ஜினில் வெறுங்கையால் வயரை உருவுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதில் ஓடுவது பல்லாயிரம் வோல்ட். பேஸ்மேக்கர் பொருத்தியவர் பக்கத்தில் நிற்கவே கூடாது. வயர் அந்தரத்தில் தொங்கினால் கரன்ட் போக வழியில்லாமல் காயிலும் இக்னிஷன் மாட்யூலும் கெடலாம். இன்ஜினை நிறுத்துங்கள், வயரைக் கழற்றுங்கள், அதன் முனையில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, பிளக்கின் உடல் இன்ஜின் உலோகத்தோடு அழுத்தமாகப் படும்படி கட்டுங்கள். பெட்ரோல் கசிவு எங்கும் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். எம்.பி.எஃப்.ஐ. கார் என்றால் பிளக் வயருக்குப் பதில் இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றுவது நல்லது. அந்த சிலிண்டருக்குப் பெட்ரோலும் நின்றுவிடும். அங்கே கம்ப்யூட்டர் சில நொடிகளில் ஐட்லிங்கைச் சமன்செய்துவிடும் என்பதால், கழற்றிய கணத்தில் வேகம் விழுகிறதா என்பதையே கவனிக்க வேண்டும்.

செத்த சிலிண்டர் எது என்று தெரிந்த பிறகும் கடைக்குப் போகத் தேவையில்லை. அதன் பிளக்கையும் பக்கத்து சிலிண்டரின் பிளக்கையும் இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி பிளக். மாறாவிட்டால், நீளம் எட்டும் அளவில் வயரை மாற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் கோளாறு அசையாமல் அதே சிலிண்டரில் நின்றால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் அந்த முனையில் கரியோ விரிசலோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிரச்சினை இன்ஜினுக்கு உள்ளே இருக்கலாம் என்று எண்ணத் தொடங்கலாம்.

பிளக் விலை என்ன, மூன்றையும் மாற்றிவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பிளக்கின் காலம் முடிந்திருந்தால் தாராளமாக மாற்றலாம். ஆனால் கண்டுபிடிக்கும் வழியாக அது உதவாது. பிளக், வயர், ஃபில்டர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றி மிஸ்ஸிங் நின்றால் எது காரணம் என்று தெரியாது. நிற்காவிட்டால் போலிப் பாகம் ஒன்று புதுக் கோளாறாகச் சேர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. அதைவிட, கழற்றி எறிகிற பழைய பிளக்தான் கையில் உள்ள சிறந்த சான்று. முனை வெளிர் பழுப்பாக இருந்தால் அந்த சிலிண்டர் ஒழுங்காக எரிகிறது. உலர்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம். ஆயில் பிசுக்கு என்றால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. பெட்ரோல் நனைத்திருந்தால் அங்கே தீப்பொறி விழவில்லை. வெள்ளை வெளேரென்று வெந்திருந்தால் காற்று அதிகம் அல்லது சூடு அதிகம். மூன்று பிளக்கும் ஒரே நிறம் என்றால் காரணம் எல்லா சிலிண்டருக்கும் பொது. ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்த சிலிண்டரில்தான் தேட வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு ஓட்டிப் பார்த்தே விடை காணலாம். நின்றபடி தடுமாறி, ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் சீராகிற கார் பெரும்பாலும் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. ஐட்லிங்கில் திராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் மேனிஃபோல்டில் வெற்றிடம் வலுவாக இருக்கும். இன்ஜின் அப்போது எடுக்கும் காற்றே கொஞ்சம்தான். வெடித்த ஒரு ஹோஸ் வழியாக நுழையும் காற்று அந்தக் கலவையைக் கெடுக்கப் போதும். திராட்டில் திறந்ததும் அதே கசிவு மொத்தத்தில் சிறு பங்காகிவிடுகிறது. வாக்யூம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பிடித்தும், மேனிஃபோல்ட் கேஸ்கட் ஓரத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்தும், இன்ஜினின் ஓசை மாறுகிறதா என்று பார்க்கலாம். கிளீனர் ஸ்ப்ரே அடிக்கும் வழக்கம் உண்டு. சூடான சைலன்ஸர் பைப்புக்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும். ஐட்லிங் நன்றாக இருந்து, மேம்பாலம் ஏறும்போது வெட்டினால் கதை வேறு. அடர்த்தியாக அழுந்திய கலவைக்குள் தீப்பொறி தாவக் கூடுதல் வோல்ட் தேவை. பலவீனமான காயிலும் கசியும் வயரும் அங்கேதான் தோற்கும். பெட்ரோல் ஃபில்டர் அடைப்பும் இதே நேரத்தில் தெரியும். மழை நாளில் மட்டும் மிஸ்ஸிங் என்றால் இரவில் போனட்டைத் திறந்து, ஓடுகிற இன்ஜினின் வயர்கள் மேல் நீர்த்திவலை தெளித்து, தள்ளி நின்று பாருங்கள். நீலப் பொறி தானே இடத்தைக் காட்டும்.

பலரும் தவறவிடுவது டேப்பெட். சத்தம் வந்தால்தான் டேப்பெட் பார்க்க வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடினால்தான் சத்தம் வரும். குறைந்தால் இன்ஜின் முன்னைவிட அமைதியாகிவிடும். ஆனால் இடைவெளி இல்லாத எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாது. சீட்டில் உட்கார்ந்து சூட்டை இறக்கிவைக்க முடியாமல் ஓரம் கருகும். கம்ப்ரஷன் ஐட்லிங்கில் கசிந்து மிஸ்ஸிங்காகத் தெரியும். எல்.பி.ஜி. கிட் போட்ட பழைய கார்களில் வால்வு சீட் விரைவாகத் தேய்ந்து வால்வு மேலே ஏறுவதால், இந்த இடைவெளி நாளாக ஆகச் சுருங்கும். அத்தகைய காரில் பிளக்கையும் வயரையும் மாற்றி மாற்றி ஓட்டுவது ஒரு டேப்பெட் செட்டிங்கில் முடிந்திருக்க வேண்டியதை ஹெட் இறக்கும் வேலையாக வளர்க்கும். எல்லாப் பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்து, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்துக் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். சிலிண்டர்களுக்குள் 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி அளக்கும்போது அளவு ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் கேஸ்கட் மீதே முதல் சந்தேகம்.

எல்லா சிலிண்டரும் சமமாகத் தடுமாறும் கார்புரேட்டர் வண்டிகளில் இன்று ஒரு புதுக் காரணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று தேவை. எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆக்ஸிஜன் சென்சார் உள்ள கார் பெட்ரோலைக் கூட்டி இதைச் சரிக்கட்டிக்கொள்ளும். பழைய கார்புரேட்டரின் ஜெட் துளைக்கு அந்த வசதி இல்லை. அதே துளையில் கலவை மெலிந்துவிடுகிறது. மிக்ஸ்சர் ஸ்க்ரூவைச் சற்றே திறப்பது இங்கே நியாயமான தீர்வு, ஆனால் காற்றுக் கசிவு இல்லை என்று உறுதியான பிறகுதான். பழைய ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் கெடுப்பதால் இரண்டும் சேர்ந்தே வரக்கூடும்.

ஸ்கேனர் இருக்கும்போது இவ்வளவும் எதற்கு என்ற கேள்வியும் வரும். கார்புரேட்டர் காரில் ஸ்கேனரைச் செருக இடமே இல்லை. ஓபிடி-2 உள்ள காரில் பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர் அடிக்கவில்லை என்று பொருள். பயனுள்ள தகவல்தான். ஆனால் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, வால்வா என்பதை அந்த எண் சொல்லாது. வயர் விலக்கும் வேலையை மட்டுமே அது மிச்சப்படுத்துகிறது. அடுத்த படிகள் எல்லாம் மேலே சொன்னவையே.

அடுத்த முறை காரை ஒர்க்‌ஷாப்பில் விடும்போது "மிஸ்ஸிங் இருக்கு, பாருங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். குளிர்ந்த இன்ஜினிலா சூடானதிலா, நிற்கும்போதா இழுக்கும்போதா, மழையிலா வெயிலிலா என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எந்த சிலிண்டர் என்று கேளுங்கள். கழற்றிய பிளக்குகளை எந்த சிலிண்டரிலிருந்து எடுத்தது என்று குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.