அறுவை சிகிச்சைக்குத் துணை

புற்றுநோய்க் கட்டியை அகற்ற நாள் குறித்துவிட்டால், நோயாளிக்கு இரண்டு அச்சங்கள் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று நோயைப் பற்றியது. மற்றொன்று கத்தியைப் பற்றியது. மலாக்கா மாநிலத்தின் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா போன்ற வட்டாரங்களில், தோட்டமானாலும் பட்டணமானாலும், உறவினர் கூடி ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் கஷாயம் என்பார். இன்னொருவர் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடலாம் என்பார். கத்தி வைத்தாலே நோய் பரவிவிடும் என்று பயமுறுத்துபவரும் உண்டு.

பதற்றத்தையும் வலியையும் தணிக்கும் எளிய வழிகள் இருப்பது உண்மைதான். பலவகை அறுவை சிகிச்சைகள் தொடர்பான 73 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை ஒன்று 2015இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. இசை கேட்ட நோயாளிகளுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன. வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. எந்த இசை என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. தேவாரமோ பழைய திரைப்பாடலோ, நோயாளிக்குப் பிடித்திருந்தால் போதும். மெதுவாக மூச்சை இழுத்துவிடும் பயிற்சியும் படபடப்பை அடக்கும்.

உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துகள் அப்படியல்ல. ஜின்செங், கிங்கோ, பூண்டு மாத்திரை போன்றவை இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். அதனால், அறுவைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே அவற்றை நிறுத்தும்படி மயக்க மருத்துவர்கள் கூறுவர். மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்று அஞ்சிப் பலர் கஷாயம் குடிப்பதைச் சொல்வதில்லை. அந்த மௌனம்தான் ஆபத்து. நெற்றியில் பூசும் திருநீற்றால் தீங்கில்லை. வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்ன நேரத்தில் குடிக்கும் கஷாயமோ, மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் புகுந்துவிடலாம். கட்டி உள்ள இடத்தையும் ஆறாத காயத்தையும் பிடித்துவிடுவதும் கூடாது.

மலேசிய அரசு பாரம்பரிய மருத்துவத்தை ஒதுக்கிவிடவில்லை. 2007இல் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் அதற்கான பிரிவு தொடங்கப்பட்டது. பின்னர் ஜாசின் உட்படப் பிற மருத்துவமனைகளுக்கும் பரவியது. பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. இங்கே 'துணை' என்ற சொல்லே முக்கியம். குணப்படுத்தக்கூடிய புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டுமே நாடியவர்களின் இறப்பு அபாயம் இரண்டரை மடங்காக இருந்ததை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டனர்.

புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை மலேசியாவின் 1956ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆயினும், அத்தகைய விளம்பரங்கள் இன்றும் புலனத்தில் ஒரு கைப்பேசியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.