தம் கட்டாதீர்கள்

புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா முக்குளிக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். ஏரியும் கிணறுமாக வளர்ந்த பாகூர், வில்லியனூர்ப் பிள்ளைகள் ‘அது நமக்கு ஒத்துவராது’ என்று கரையிலேயே நின்றுவிடுகிறார்கள். அவர்கள் சொல்லும் காரணங்களில் பல தவறானவை. சில பயங்கள் நியாயமானவை.

‘கிணற்றில் தம் கட்டிப் பழகியவனுக்கு ஸ்கூபா சுலபம்.’

இந்த நம்பிக்கைதான் உண்மையிலேயே ஆபத்தானது. கிணற்றில் குதிப்பவன் மேலே இழுத்த காற்றோடு கீழே போகிறான். ஆழத்தின் அழுத்தத்தில் அந்தக் காற்று சுருங்கும், மேலே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். ஸ்கூபாவிலோ முதுகில் சுமக்கும் சிலிண்டரிலிருந்து காற்றை இழுப்பதே கீழே இருந்தபடி. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரலே கிழியலாம். முதல் பாடமே ‘மூச்சை நிறுத்தாதே’ என்று இருப்பது இதனால்தான். பயந்தவர்களும் மூச்சைத்தான் பிடித்துக்கொள்வார்கள், இல்லையென்றால் வேகவேகமாக இழுப்பார்கள். மெதுவாக, நீளமாக மூச்சை வெளியே விட்டால் படபடப்பு தணியும், சிலிண்டர் காற்றும் மிச்சமாகும். பயம் முழுதாகப் போகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. மூச்சு சீரானால் பயத்தோடேயே இறங்கலாம்.

‘நீச்சல் தெரிந்திருக்க வேண்டும்.’

பயிற்றுநர் கூடவே வரும் அறிமுக முக்குளிப்புக்குத் தேவையில்லை. 10 வயது ஆனவர்கள் 12 மீட்டர் ஆழம்வரை போகலாம். நீச்சல் தேர்வு சான்றிதழ்ப் பயிற்சிக்குத்தான். முதுகில் சுமப்பதும் பலர் நினைப்பதுபோல் ஆக்சிஜன் சிலிண்டர் அல்ல, நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றை அழுத்தி அடைத்தது.

‘சுறா கடித்துவிடும்.’

முக்குளிப்பவரைச் சுறா தாக்குவது மிக மிக அரிது. ஆனால் இந்தப் பயம் பழையது. முத்துக் குளிப்பில் ‘கடல்கட்டி’ என்றொருவர் இருப்பார். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவார் என்று நம்பினார்கள். மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டிலேயே இப்படிப்பட்ட மந்திரக்காரர்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பின்னாளில் ஆங்கிலேய அரசே அவர்களுக்குக் கூலி கொடுத்தது, அவர்கள் இல்லாமல் குளிகாரர்கள் இறங்க மாட்டார்கள் என்பதால். அந்த ஏற்பாட்டின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. மந்திரம் பலித்திருக்காது. ஆனால் குளிகாரரின் பயத்துக்கு அங்கே மதிப்பு இருந்தது.

‘காது செவிடாகிவிடும்’ என்ற பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. இரண்டு, மூன்று மீட்டரிலேயே காது அடைக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் திறந்துவிடும். வலித்தால் அதற்குமேல் இறங்கக் கூடாது, சளி பிடித்த நாளில் போகவே கூடாது. ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இறங்காதீர்கள். ‘சொன்னால் சேர்க்க மாட்டார்கள்’ என்று படிவத்தில் மறைப்பவர்களைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. அந்தக் கேள்விகள் அவர்கள் உயிருக்காகக் கேட்கப்படுபவை. அதேபோல, வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களைக் கூட்டிப்போனால், முக்குளித்த கையோடு சென்னைக்குப் போய் விமானம் ஏற விடாதீர்கள். 18 மணி நேரமாவது போகட்டும்.

‘இறங்கிவிட்டால் பாதியில் திரும்ப முடியாது.’

முடியும். தண்ணீருக்குள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் ‘மேலே போகலாம்’ என்று பொருள். கட்டிய பணமோ கூட வந்த நண்பர்களின் பேச்சோ அங்கே கணக்கில் இல்லை. யார் காட்டினாலும், எந்த நிமிடத்தில் காட்டினாலும், காரணம் கேட்காமல் மேலே கூட்டி வரவேண்டும் என்பதே முக்குளிப்பவர்களின் விதி.