மாண்ட்ரூ – 1936

அன்பு மகள் தேன்மொழிக்கு,



நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பொது அறிவுக் குறிப்புகளைப் பார்த்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஆனால் 'மாண்ட்ரூ உடன்படிக்கை – 1936' என்ற வரிக்கு மேலே ஏதோ ஒரு நாட்டின் நாணயம், கீழே ஒரு பாலைவனம். இப்படிப் படித்தால் பிரிலிம்ஸ் தாண்டலாம். மெயின்ஸில் 'ஏன்' என்று கேட்டால் என்னம்மா எழுதுவாய்?

அந்த ஒரு வரியையே எடுத்துக்கொள்வோம். அட்லஸை விரித்துக் கருங்கடலைப் பார். அங்கிருந்து பெரிய கப்பல்கள் மத்தியதரைக் கடலுக்குப் போக ஒரே வழிதான்: பாஸ்பரஸ் நீரிணை, மர்மரா கடல், டார்டனெல்ஸ் நீரிணை. பாஸ்பரஸின் நீளம் சுமார் 30 கிலோமீட்டர்; மிகக் குறுகிய இடத்தில் அகலம் 700 மீட்டர் அளவே. இரு கரையிலும் இஸ்தான்புல் நகரம். 1783-இல் கிரிமியாவைப் பிடித்த நாளிலிருந்து ரஷ்யாவுக்கு இந்த வாசல்மேல் ஒரு கண். 1915-இல் பிரிட்டனும் பிரான்சும் கல்லிப்போலியில் படையை இறக்கியதும் இதற்காகத்தான்.

சரி, ஏன் 1936? 1923-இல் லோசான் நகரில் செய்த ஏற்பாட்டின்படி நீரிணைக் கரைகளில் துருக்கி படை வைக்கக் கூடாது. 1935-இல் முசோலினியின் இத்தாலி எத்தியோப்பியாமீது பாய்ந்ததும் துருக்கிக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அத்தாதுர்க் அரசு புதிய ஏற்பாடு கேட்டது; சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரூவில் கையெழுத்தானது. காவல் துருக்கியின் கைக்குத் திரும்பியது. அமைதிக்காலத்தில் வணிகக் கப்பல்களுக்குத் தடையில்லை. கருங்கடல் கரையில்லாத நாடுகளின் போர்க்கப்பல்கள் உள்ளே வந்தால் 21 நாட்களுக்குமேல் தங்கக் கூடாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. விமானந்தாங்கிக் கப்பலுக்கு அந்த விதிகளில் இடமில்லை என்பதுதான் பொதுவான விளக்கம். சோவியத் யூனியனோ அவற்றைக் கருங்கடல் பக்கம், உக்ரைனின் மிக்கோலாயிவ் கப்பல் கட்டும் தளத்தில் கட்டியது. எப்படி வெளியே கொண்டுபோவது? 'விமானம் சுமக்கும் குரூசர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்! துருக்கியும் வழிவிட்டது. அப்படி வெளியே வந்த 'பாக்கு' என்ற கப்பல்தான் பின்னாளில் நம் ஐ.என்.எஸ். விக்ரமாதித்யா. சீனாவின் லியாவோனிங்கும் அதே தளத்தில் பிறந்து, 2001-இல் இதே நீரிணை வழியாக இழுத்துச் செல்லப்பட்டதுதான். இதை எந்த கைடிலும் தேடாதே; கிடைக்காது.

2022-இல் ரஷ்யா–உக்ரைன் போர் தொடங்கியதும் துருக்கி இந்த உடன்படிக்கையைக் காட்டியே போர்க்கப்பல்களுக்கு வாசலை அடைத்தது. அந்த ஏப்ரலில் மூழ்கிய தன் போர்க்கப்பல் 'மாஸ்க்வா'வுக்கு ஈடாக வேறொரு கப்பலை ரஷ்யாவால் உள்ளே அனுப்ப முடியவில்லை. அந்த மாதங்களில் சூரியகாந்தி எண்ணெய் விலையைச் சொல்லி உன் அம்மா புலம்பியிருப்பாள். அதுவரை இந்தியா அந்த எண்ணெயைப் பெரும்பாலும் உக்ரைனிடமிருந்துதான் வாங்கி வந்தது.

ஆண்டுகளை மனப்பாடம் செய்யாதே என்று நான் சொல்லவில்லை, செய்யத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வோர் ஆண்டையும் படத்தில் ஓரிடத்தோடு சேர்த்துப் படி. யார் கரை, யார் கப்பல், அடைத்தால் யாருக்கு நட்டம், விதியை எழுதியது யார் என்று கேட்டுக்கொண்டே போ. செய்தித்தாளையும் அட்லஸ் பக்கத்தில் இருக்கும்போதே படி. ஒருநாளைக்கு ஒரு செய்தி போதும்.

அடுத்து மலாக்கா நீரிணையை எடுத்துக்கொள். 1819-இல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் ஏன் கால் ஊன்றினார்கள், சீனாவுக்கு இன்று அந்த நீரிணையைப் பற்றி ஏன் கவலை என்று இரண்டு பக்கம் எழுது. 1025-இல் ராஜேந்திர சோழன் படை போன கடாரத்தையும் அதே படத்தில் குறித்து, பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா.

அன்புடன்,
பெரியப்பா